6 ரூபாய் 68 பைசா!

விடியக்காலம் நாலே முக்கால் மணி. கூடலூர் பஸ் ஸ்டாண்ட். சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை மாட்டி, தலையில துண்டைக் கட்டி, கையில தூக்குவாளியோட பொம்பளைங்க ஜீப்புக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்துக்கிட்டு இருக்காங்க. இடுக்கி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போற கூட்டம். டிரைவர் அண்ணன் 'இன்னும் ரெண்டு பேரு உள்ள போகலாம் தாயி'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. உள்ள ஒரு தீப்பெட்டி போகக்கூட இடம் இல்ல!

வழக்கமா அந்த ஜீப்ல இருக்க வேண்டிய ஒரு அத்தை, அன்னிக்கு எதிர்த் திசையில தேனி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல அவங்க பையன். டிப்ளமோ முடிச்சவரு. நான் ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறப்போ எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த அண்ணன். மூணு வருஷத்துக்கு முன்னாடி தூக்கம் போச்சு, அப்புறம் பேச்சு மாறிச்சு, யாரோ தன்னைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி காதுல குரல் கேக்குதுன்னு சொன்னாரு. டாக்டர்கள் வெச்ச பேரு மனச்சிதைவு. தெரு வெச்ச பேரை இங்க எழுத மாட்டேன்.

நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புற திங்கக்கிழமை அது. ஒரே பஸ். 'எங்கத்தே இந்த நேரத்துல?'ன்னு கேட்டேன்.

'மாத்திரை வாங்கத்தான் தம்பி. போன வாட்டி போனப்ப ஒரு மாத்திரை இல்லேன்னுட்டாக. வெளிய வாங்கிக்கச் சொன்னாக. பத்து நாளைக்குத்தான் வாங்க முடிஞ்சது...'

இதைக் கேட்டப்போ நானும் பெருசா ஒண்ணும் நினைக்கல பாஸ். கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா ஒரு மாத்திரை இருக்கும், ஒரு மாத்திரை இருக்காதுன்னு நமக்கெல்லாம் பழகிப் போச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு எழுதப் போறதில்ல. டாக்டர் நல்லவரு, நர்ஸ் நல்லவங்கன்னு அத்தையே சொல்றாங்க. பிரச்னை ஆளுங்ககிட்ட இல்லேன்னா எங்கதான் இருக்கு? எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பல்பு எரியலேன்னா பல்பை மட்டும் பார்க்க மாட்டான். ஒயரைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போவான். நானும் போனேன்.

முதல்ல ஒரு நாள் செலவைப் பாருங்க. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். அதுக்கு அப்புறம் இன்னொரு பஸ். 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு இலவசப் பயணம் வந்துச்சே, அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். இந்தத் தூரத்துக்கு வர்ற பஸ்ல ரெண்டு பேருக்கும் டிக்கெட் உண்டு. போடிக்கு 2023 ஜூன்ல ரயில் வந்துடுச்சு. கம்பத்துக்கு இன்னும் தண்டவாளமே கிடையாது. டிக்கெட் கூடப் பரவாயில்ல. அத்தைக்கு அன்னிக்குத் தோட்டக் கூலி போச்சு. ஜீப்புல இடமும் போச்சு. அடிக்கடி லீவு போட்டா அந்த இடத்துல இன்னொருத்தர் உக்காந்திருப்பாங்க.

இதுல ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. மனச்சிதைவுக்கான மாத்திரையைத் தலைவலி மாத்திரை மாதிரி வலிக்கும்போது மட்டும் போட முடியாது. தினமும் போட்டாத்தான் மூளையில அதோட வேலை நடக்கும். நிறுத்தின மறுநாளே ஒண்ணும் ஆகாது. அதான் ஆபத்து! ரெண்டு வாரம், ஒரு மாசம் எல்லாம் நல்லாத்தான் போற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாள் பழைய குரல் திரும்ப வரும். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் சரியாக இன்னும் அதிக நாளாகலாம். ஆக, பத்து நாள் மாத்திரைக்கும் முப்பது நாள் மாத்திரைக்கும் நடுவுல இருக்கிற அந்த இருபது நாளுதான் அண்ணனோட மொத்த வருஷமும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

நாடாளுமன்றம் 2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்டு வந்தது. 2018ல் அமலுக்கு வந்தது. அதுல 18-வது பிரிவைப் படிச்சுட்டு நான் ஹாஸ்டல் கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்காந்துட்டேன். அரசு நடத்துகிற அல்லது அரசு பணம் கொடுக்கிற மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருத்தருக்கும் *உரிமை*. சலுகை இல்ல, தர்மம் இல்ல, 'பார்த்துச் செய்யுங்க சார்' இல்ல. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்தில் தொடங்கி அதுக்கு மேல உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்கணும். சமுதாய சுகாதார நிலையம்னா மலைக்க வேண்டாம். நம்ம ஒன்றியத்துல முப்பது படுக்கையோட இருக்குற பெரிய ஆரம்ப சுகாதார நிலையம்தான் அது.

இன்னொண்ணு கேளுங்க. சட்டம் சொல்ற குறைந்தபட்ச மனநலச் சேவை ஒரு மாவட்டத்துல இல்லேன்னா, அதே மாவட்டத்துல வேற இடத்துல போய் வைத்தியம் பார்த்துக்கலாம். அந்தச் செலவை அரசு ஏற்கணும். நம்ப முடியுதா? 'வெளிய வாங்கிக்கங்க'ன்னு சொல்றதுக்குச் சட்டம் ஒரு விலை போட்டு வெச்சிருக்கு. அத்தைக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்!

இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ஒரு தீ இருக்கு. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு வர்றவங்களை நம்பி நடந்த ஒரு தனியார் காப்பகத்துல விடியறதுக்கு முன்னாடி தீப்பிடிச்சது. உள்ள இருந்தவங்க ஓட முடியல. காரணம், காலில் சங்கிலி. 28 பேர் இறந்தாங்க. நான் அப்போ பிறக்கவே இல்ல. ஆனா எங்க ஊர்ல பெரியவங்க இன்னிக்கும் 'ஏர்வாடி'ன்னு சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தானாகவே எடுத்துக்கிச்சு. வழக்கோட பேர்லயே 'சங்கிலியில் கட்டப்பட்ட 25 பேரின் மரணம்'னு இருக்கு. முதல்ல தெரிஞ்ச எண்ணிக்கை அது. பேர் அப்படியே நின்னுபோச்சு, இறந்தவங்க எண்ணிக்கைதான் கூடிப்போச்சு. 2017 சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோய் உள்ளவங்களை எந்த விதத்துலயும் சங்கிலியில் கட்டக் கூடாதுன்னு நேரடியாவே தடை பண்ணுது.

ஏன் அத்தனை பேர் ஏர்வாடிக்குப் போனாங்க? மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அது சரியாப் படல. எங்க பக்கத்துல மனசு சரியில்லேன்னா முதல்ல கோடாங்கிகிட்டத்தான் போவாங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போனாங்க. ஏன்னு அத்தைகிட்ட கேட்டேன். 'கோடாங்கி ஊருக்குள்ளயே இருக்காரு தம்பி. எப்பப் போனாலும் இருப்பாரு. உக்கார வெச்சு என்ன ஏதுன்னு கேப்பாரு'ன்னாங்க. பக்கத்துல இருக்கணும், எப்பவும் இருக்கணும், காது கொடுத்துக் கேக்கணும். நம்ம சுகாதாரத் துறை எழுதி வெச்சிருக்கிற திட்டமும் அச்சு அசல் இதேதான்!

அந்தத் திட்டத்தோட பேரு மாவட்ட மனநலத் திட்டம். தேசிய மனநலத் திட்டம் 1982ல் வந்தது. பெரிய நகரத்துல பெரிய ஆஸ்பத்திரி கட்டி நோயாளியை அங்க வரவழைக்கிறதை விட, வைத்தியத்தைக் கிராமத்துக்குக் கொண்டு போகலாம்ங்கிற யோசனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 1980களின் நடுவுல கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டத்துல இதைச் செஞ்சு பார்த்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே பயிற்சி கொடுத்து, கொஞ்சம் அடிப்படை மருந்துகளைக் கையில கொடுத்தா நிறைய பேரை அங்கேயே கவனிச்சுக்கலாம்னு தெரிஞ்சது. அதை வெச்சு 1996ல் மத்திய அரசு மாவட்டத் திட்டத்தைத் தொடங்கிச்சு. நாட்டிலேயே முதலில் எடுத்த நாலு மாவட்டத்துல ஒண்ணு நம்ம திருச்சி. பிறகு படிப்படியா தமிழ்நாடு முழுக்க வந்தது. மதுரையில இருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டதும் 1996லதான். திட்டத்துக்கும் எங்க மாவட்டத்துக்கும் ஒரே வயசு. ஒரே பெஞ்ச் மேட்ஸ்!

இப்போ பணத்துக்கு வருவோம். இதுதான் மெயின் பிக்சர்.

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய்னு மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்லுது. இதுக்குள்ளதான் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ், கணக்கு எழுதறவர் சம்பளம் எல்லாம். முகாமுக்குப் போற வண்டி, மருந்து, பயிற்சி, விளம்பரமும் இதுலதான். படிச்சதும் 'அட, முக்கால் கோடிக்கு மேல!'ன்னுதான் தோணுச்சு. அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தேனி மாவட்டத்துல 12,45,899 பேர். வகுத்துப் பாருங்க.

ஆளுக்கு 6 ரூபாய் 68 பைசா. ஒரு வருஷத்துக்கு!

கம்பம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிக்கக்கூடப் பத்தாது. ஒரு நாளைக்குன்னு பார்த்தா ரெண்டு பைசாவுக்கும் கீழ. ரெண்டு பைசாங்கிற நாணயத்தை நான் பார்த்தது கூட இல்ல. எங்க அப்பத்தாவோட சுருக்குப் பையில இருக்கலாம்.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். இது முழுக் கணக்கு இல்ல. க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடங்கள்ல ஆகிற செலவு மாநில அரசோட தனிக் கணக்குல வரும். மாநில அரசு வாங்கித் தர்ற மருந்தும் தனி. அதனால 'மனநலத்துக்கு மொத்தமே ஆறு ரூபாய்தான்'னு யாராவது மீம்ஸ் போட்டா அது தப்பு. ஆனா ஊருக்குள்ள வந்து பார்க்க, தேடிக் கண்டுபிடிக்க, பள்ளி கல்லூரிக்கு வரன்னு இருக்கிற அந்தத் தனித் திட்டத்தோட உச்சவரம்பு இவ்வளவுதான். உச்சவரம்புன்னா, இதுக்கு மேல போகாது. இதுக்குக் கீழ எவ்வளவு வேணும்னாலும் போகலாம்.

டெல்லி பக்கமும் எட்டிப் பார்த்தேன். 2023-24 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்குன்னு தனியாகத் தெரிந்த தொகை சுமார் 919 கோடி. மொத்த சுகாதார பட்ஜெட்டில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதில் 721 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு. 64 கோடி அசாம் தேஜ்பூரில் உள்ள நிறுவனத்துக்கு. சுமார் 134 கோடி தொலைபேசி ஆலோசனைக்கு. நிம்ஹான்ஸைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். இந்த நாட்டுக்கு மனநல வைத்தியம் சொல்லிக் கொடுத்த இடம் அது. என் சந்தேகம் வேற. இந்தக் கணக்குல கூடலூர் எங்க இருக்கு?

மாவட்டத்துக்கான பணம் தேசிய சுகாதார இயக்கம்ங்கிற பெரிய மூட்டைக்குள்ள இருக்கு. தாய்சேய் நலம், காசநோய், தடுப்பூசின்னு பல பொட்டலங்கள் உள்ள மூட்டை. மத்திய அரசு 60, மாநில அரசு 40ங்கிற விகிதம். டெல்லியில பஸ் ஏறுற பணம், சென்னையில மாநில சுகாதாரச் சங்கத்துல இறங்கும். அங்க இருந்து மாவட்ட சுகாதாரச் சங்கம். அதுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். அங்க இருந்துதான் திட்டத்துக்கு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் 'போன வருஷப் பணத்தைச் செலவு பண்ணியாச்சு'ன்னு சான்றிதழ் கேப்பாங்க. அது லேட்டானா அடுத்த தவணை லேட். தவணை லேட்டானா ஒப்பந்தத்துல இருக்கிறவங்களுக்குச் சம்பளம் லேட். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாங்க? வேற வேலை கிடைச்சா கிளம்பிடுவாங்க. ஆள் இல்லேன்னா பணம் செலவாகாது. பணம் செலவாகலேன்னா... அரியர் வெச்சதால பிளேஸ்மென்ட் போச்சு, பிளேஸ்மென்ட் போனதால அரியர் எழுத மனசு வரலன்னு எங்க சீனியர் ஒருத்தர் சுத்திக்கிட்டு இருப்பாரு. அதே வட்டம்தான்!

மருந்துக்கும் ஒரு ஒயர் இருக்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் ஆரம்பிச்சது. மொத்தமா டெண்டர் விட்டு, குறைஞ்ச விலைக்கு மருந்து வாங்கி, கிடங்குகள்ல வெச்சு, அங்க இருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். ஒதுக்கின தொகைக்குள்ள எது வேணுமோ எடுத்துக்கலாம். மத்த மாநிலங்கள் வந்து பார்த்துட்டுப் போன சிஸ்டம் இது. இதுல நாம பெருமைப்படலாம். ஆனா பாஸ்புக்கை வெச்சு யாராவது கேட்டாத்தானே மருந்து வரும்? சர்க்கரை மாத்திரை தீர்ந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி வாசல்ல சத்தம் கேக்கும். அண்ணன் மாதிரி ஒருத்தரோட மாத்திரை தீர்ந்தா யாரு சத்தம் போடுவா? அவங்க அம்மா தலைகுனிஞ்சு வாங்கிட்டு வந்துடுவாங்க. மெடிக்கல் ஷாப்புல கூட சீட்டை மடிச்சுத்தான் கொடுப்பாங்க. கடையில ஸ்டாக் குறையறப்போவே ஆர்டர் போடணும்ங்கிறது எங்க ஊர் பலசரக்குக் கடைக்காரருக்குத் தெரியும். சத்தம் போடற ஆளு இல்லாத சரக்கு எப்பவும் கடைசியாத்தான் ஆர்டர் ஆகும்.

இது ஒரு அத்தை, ஒரு அண்ணன் கதைன்னு நினைக்காதீங்க. நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வு, 2015-16. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள். வளர்ந்தவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்னையோட இருக்காங்க. நோயைப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் பேர் வரைக்கும் சிகிச்சையே போய்ச் சேரல. நாடாளுமன்ற நிலைக்குழு 2023ல் கொடுத்த அறிக்கைப்படி இந்தியாவுல லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். இருக்க வேண்டியது 3. எங்க மாவட்ட ஜனத்தொகைக்கு இந்தக் கணக்கைப் போட்டா 37 பேர் வேணும். நாட்டோட சராசரிப்படி வந்தாலே 9 பேர்தான். அந்தச் சராசரியும் சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களைச் சேர்த்துப் போட்டது. மலையடிவாரத்துக்கு வரும்போது அது எவ்வளவு மெலியும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

தமிழ்நாட்டுல 2022ல் மட்டும் 19,834 பேர் தற்கொலையில் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். இந்தியா முழுக்க அந்த வருஷம் இறந்தவங்கள்ல 13,044 பேர் மாணவர்கள். நம்ம செட்டு. திராட்சையும் ஏலக்காயும் விளையுற எங்க பள்ளத்தாக்குல பூச்சிமருந்து இல்லாத வீடு குறைவு. இலங்கையில கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணின பிறகு, 1995ல இருந்து 20 வருஷத்துல தற்கொலை விகிதம் மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுபோச்சு. தமிழக அரசும் ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டுப் பார்த்தது. அறுபது நாள் போதுமாங்கிறதுதான் என் கேள்வி. கோபமும் கடனும் அறுபது நாள்ல லீவு எடுத்துக்காதே!

காலேஜ் பக்கமும் வர்றேன். மாவட்ட மனநலத் திட்டத்தோட வழிகாட்டுதலிலேயே கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனைங்கிறது எழுதியிருக்கு. உங்க காலேஜுக்கு இந்த டீம் வந்து பார்த்திருக்கீங்களா? 2025 ஜூலை 25ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆந்திராவுல விசாகப்பட்டினத்துல ஒரு மாணவி இறந்த வழக்கு. நூறு மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கிற கல்வி நிறுவனம் எதுவா இருந்தாலும் தகுதியுள்ள ஒரு ஆலோசகர் இருந்தே ஆகணும்னு சொல்லிடுச்சு. இதைக் கண்காணிக்க ஆட்சியர் தலைமையில மாவட்டக் குழுவும் வேணும்.

எங்க காலேஜ் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா இன்டர்னல் மார்க் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அங்க 'கவுன்சலிங் செல்'னு போர்டு இருக்கு. கதவைத் திறந்து பார்த்தா ஸ்போர்ட்ஸ் டேக்கு வாங்கின ஷீல்டு, உடைஞ்ச ரெண்டு ட்ராஃப்டர், ஒரு மேஜை. மேஜைக்கு எதிர்ல நாற்காலி ஒண்ணுதான். ஆலோசனை சொல்றவரு உக்காந்தா கேக்க வந்தவன் நின்னுக்கணும். கேக்க வந்தவன் உக்காந்தா... அந்தப் பிரச்னையே வராது, ஏன்னா ஆலோசகரே இல்ல. போன செமஸ்டர்ல என் பக்கத்து ரூம் பையன் நாலு நாள் சாப்பிடாம படுத்திருந்தான். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் பரோட்டா வாங்கிட்டு வர்றதும், 'விடு மச்சி'ன்னு சொல்றதும்தான். கடைசியில நாலு பேரும் சேர்ந்து 14416க்குப் போன் போட்டோம். அரசோட இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல வந்தது. தமிழ்லயே பேசினாங்க, அவசரப்படுத்தல, எங்ககிட்டயும் அவன்கிட்டயும் தனித்தனியா கேட்டாங்க. ஊருக்குப் போய் டாக்டரைப் பார்த்தான். இப்போ கிளாஸுக்கு வர்றான், எங்க அசைன்மென்டையும் அவனே எழுதித் தர்றான். அந்த நம்பரை எங்க ஹாஸ்டல் தண்ணி டேங்க் பக்கத்துல மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கோம். வார்டன் அழிக்கல. 104லயும் பேசலாம்.

ஒயரைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தாச்சு. அடுத்து என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்ச ஒரே டெஸ்டர், 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எதுக்குக் கேக்கறேன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. முப்பது நாளுக்குள்ள பதில் தரணும். தரலேன்னா மேல்முறையீடு பண்ணலாம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் முதல் டிராஃப்ட்டைப் படிச்சுட்டு, 'என்னடா, ஏன் இந்த அவல நிலைன்னு எழுதியிருக்கே? ஏன்னு கேட்டா எவன் பதில் சொல்லுவான்? எத்தனைன்னு கேளு'ன்னான். மெக்கானிக்கல்காரன் சொன்னாலும் நல்லாத்தான் சொன்னான்.

அதனால எண்களா கேட்டிருக்கேன். கடந்த மூணு நிதியாண்டுல தேனி மாவட்ட மனநலத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாங்க, எந்தத் தேதியில வந்து சேர்ந்தது, எவ்வளவு செலவாச்சு? அனுமதிச்ச பணியிடம் எத்தனை, இன்னிக்கு எத்தனை காலி, எத்தனை மாசமா? உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி அரசு மருத்துவமனைகள்ல மனநல மருத்துவர் வர்ற கிழமை எது, ஒரு வருஷத்துல எத்தனை நாள் வந்தாரு? பட்டியல்ல இருக்கிற மனநல மருந்துகள்ல ஒவ்வொண்ணும் எந்த ஆஸ்பத்திரியில எத்தனை நாள் இருப்பு இல்லாம இருந்தது? அந்தக் கடைசிக் கேள்வியை மூணு தடவை திருத்தி எழுதினேன். அதுதான் அத்தையோட கேள்வி.

போன வாரம் ஊருக்குப் போனப்போ அத்தைகிட்ட 18-வது பிரிவைப் பத்திச் சொன்னேன். அவங்க சாணி மெழுகிக்கிட்டு இருந்தாங்க. கையைக் கழுவிட்டு வந்து முழுசா கேட்டாங்க.

'இதச் சொன்னா மாத்திரை குடுத்துருவாகளா தம்பி?'

'குடுக்கணும் அத்தே. சட்டம் அப்படித்தான்.'

'நான் சொன்னா குடுப்பாகளா? நீ வந்து சொல்லணுமா?'

நான் வரேன்னு சொன்னேன். அண்ணன் திண்ணையில உக்காந்து என் செமஸ்டர் புக்கைப் புரட்டிக்கிட்டு இருந்தாரு. 'சிக்னல்ஸ் கஷ்டமா இருக்குமே'ன்னாரு. ஆமான்னேன். 'ஃபோரியர் மட்டும் நல்லாப் பாரு, அதுல பதினாறு மார்க் வரும்'னாரு. போன வாரம் அவர்கிட்ட முழு மாத்திரையும் இருந்தது. நாலு பேர்கிட்ட கைமாத்து வாங்கி வெளியில வாங்கினது.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபால்ல அனுப்பியாச்சு. ரசீது என் லேப் ரெக்கார்ட் நோட்டுக்குள்ள இருக்கு. முப்பது நாள் முடிய இன்னும் பதினெட்டு நாள். அத்தைக்கு ஆஸ்பத்திரியில கொடுத்திருக்கிற தேதி அதுக்கு ஆறு நாள் முன்னாடி, ஒரு திங்கக்கிழமை. நாலே முக்கால் பஸ்.